அப்பா பாஸ் பண்ணக் கூடாத பரீட்சை

அத்தியாயம் 17

நான்கு மாதம் காத்துக் கிடந்த செவ்வாய்க்கிழமை ஒருவழியாக வந்து சேர்ந்தது.

நகராட்சியின் முதியோர் உதவி மையத்திலிருந்து அலுவலர் ஒருவர் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார். அப்பாவுக்கு எதெல்லாம் முடிகிறது, எதெல்லாம் முடியவில்லை என்று நேரில் பார்ப்பார். பார்த்ததைப் படிவத்தில் குறித்துக்கொண்டு போவார். அதில் விழுகிற புள்ளிகளை வைத்துத்தான் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

கண்ணாடிக்காரி கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ஒன்பதே காலுக்கெல்லாம் அம்மா வீட்டு லிஃப்டில் ஏறினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்து எண் எழுதிக் கொடுப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பட்டம். போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தம்பி, வாத்தியார். நாற்பத்தொன்பது வயதிலும் நாற்பத்தாறு வயதிலும் இரண்டு பேரும் அந்தப் பட்டங்களுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்கள்.

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். அப்பாவைப் பக்கவாதம் தாக்கி நான்கு வருடம் ஆகிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் இடது காலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. அன்றிலிருந்து அம்மாதான் எல்லாம். போன வருடம் அம்மாவின் அடிவயிற்றில் ஒரு புடைப்பு தெரிந்தது. குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி, அதுவரைக்கும் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அம்மா பவ்யமாகத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய வேலையையே பார்த்தாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும், "நான் படுத்துட்டா இவரை யாரு பாப்பா?" என்று சொல்லித் தள்ளிப் போட்டாள். மூன்றாவது தேதி இன்னும் மூன்று வாரத்தில் இருக்கிறது. இதையும் விட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்கள். அதை மட்டும் கண்ணாடிக்காரி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே இன்றைக்கு அப்பாவுக்குப் புள்ளிகள் நிறைய விழ வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் 'முடியலை' என்று உண்மையைச் சொன்னால் போதும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று நினைத்துக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது வாத்தியார். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இருப்பவன், சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் பையும் கையுமாக வந்து இறங்கியிருந்தான். "மதிப்பீட்டு விஷயத்தை எங்கிட்ட விட்டுடுக்கா" என்று அவன் மார் தட்டியபோது இவளுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

"வா வா. மனுஷன் ரெடி" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

உள்ளே போனவள் அப்படியே நின்றாள். அப்பா கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று சவரம் செய்த கன்னம், காலில் ஷூ. நான்கு வருடமாக அவர் ஷூ போட்டு அவள் பார்த்ததில்லை.

"வாக்கர் எங்கடா?"

"பால்கனியில. மேல போர்வை போட்டு மூடியாச்சு."

"குளிக்கறப்ப உக்கார்ற ஸ்டூல்?"

"அதுவும் அங்கதான்."

"எதுக்குடா?"

வாத்தியார் மேசையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "நாப்பது மாதிரிக் கேள்விக்கா. மைய வலைத்தளத்துல தேடி எடுத்தேன். எல்லாத்துக்கும் மாதிரி விடை போட்டிருக்கேன். ரெண்டு மாதிரித் தேர்வு வச்சேன். ஞாயித்துக்கிழமை அம்பத்தெட்டு வாங்கினாரு. நேத்து தொண்ணூத்தாறு."

"எதுக்குத் தொண்ணூத்தாறு?"

"நூத்துக்கு."

அவள் அந்தக் காகிதத்தைப் படித்தாள். 'கேள்வி 7: தாங்களாகவே குளிக்க முடிகிறதா? விடை: முடிகிறது (தயங்காமல், கண்ணைப் பார்த்துச் சொல்லவும்).' அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பியைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய், இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணக் கூடாதுடா!"

"என்னது?"

"முடியாததுக்குத்தான் புள்ளி. எல்லாம் முடியும்னு சொன்னா பூஜ்யம். பூஜ்யம் வாங்கினா ஆள் அனுப்ப மாட்டாங்க. ஆள் வரலைன்னா அம்மா ஆபரேஷனுக்குப் போக மாட்டா."

வாத்தியாரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருப்பவன். மதிப்பீடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே கட்-ஆஃப் எவ்வளவு என்று யோசிக்கிற மண்டை அது. "அக்கா, தோக்கறதுக்கு நான் யாருக்குமே சொல்லிக் குடுத்ததில்லையே" என்றான் பாவமாக.

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவள் கடைக்கு வருகிற பெரியவர்களும் இதே ரகம்தான். எதிரே இருக்கும் எழுத்துப் பலகையைக் காத்திருக்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். 'தாத்தா, இது பரீட்சை இல்லை, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க' என்று தினமும் பத்து தடவை சொல்கிறவள், சொந்த அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

மணி ஒன்பது நாற்பது. அக்காவும் தம்பியும் அப்பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"அப்பா, நான் சொல்லிக் குடுத்ததையெல்லாம் மறந்துடுங்க" என்றான் வாத்தியார்.

"ஏன்? நல்லாத்தானே சொன்னேன்?"

"ரொம்ப நல்லா சொன்னீங்க. அதான் தப்பு."

"முடியாததை முடியலைன்னு சொல்லுங்கப்பா. அது போதும்" என்றாள் அவள்.

அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "முடியாதது எது? நானாத்தான் எந்திரிக்கறேன். நானாத்தான் சட்டை போடறேன். குளிக்கறப்ப உங்கம்மா சோப்பு எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான். வேணும்னா அவளைக் கேளு."

"அவரே பண்ணிப்பாரு" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, கேட்காமலே.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எல்லாம் தெரியும். எங்கூட வேலை பாத்தவன் வீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தர் கையில காகிதத்தோட வந்தாரு. அடுத்த மாசமே அவனை முதியோர் இல்லத்துல கொண்டு போய் விட்டுட்டாங்க. நான் இந்த வீட்டை விட்டு எங்கயும் போக மாட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தம்பி மட்டும் காரணமில்லை என்று. மாதிரித் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கியது பயம். அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

வந்த அலுவலருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை, சிரித்த முகம். நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாவுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் படிவத்தை விரித்தாள்.

"ஐயா, சும்மா பேசிட்டிருப்போம். அவசரமே இல்லை. மாடிப்படி ஏறி இறங்க முடியுதா?"

"மூணு மாடி. லிஃப்டெல்லாம் சோம்பேறிகளுக்கு."

வாத்தியார் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

"குளிக்கிறது?"

"முடிகிறது" என்றார் அப்பா, தயங்காமல், கண்ணைப் பார்த்து. மாதிரி விடையில் இருந்த எழுத்து நடை கூட மாறவில்லை.

"பாத்ரூம் போறது வர்றது?"

"அதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?"

"கடைக்குப் போவீங்களா?"

"தினமும். வழியில நாலு பேரைப் பாத்துப் பேசிட்டு வருவேன்."

வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி தலைகீழாக இருந்த எழுத்தையும் தூரத்திலிருந்தே படித்துவிடுவாள். அலுவலரின் பேனா ஒவ்வொரு பதிலுக்கும் இடதுகோடிக் கட்டத்துக்கே போனது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அம்மாவின் ஆபரேஷன் அவள் கண்ணெதிரே கட்டம் கட்டமாகக் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அதட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் பேசியிருப்பாள். அது கெஞ்சுகிற பார்வை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த மனிதரை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால், இவருக்குக் கால் கழுவக்கூட இன்னொரு ஆள் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவளால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"ரொம்ப சந்தோஷம் ஐயா" என்றாள் அலுவலர். "இப்ப கொஞ்சம் செஞ்சு காட்டறீங்களா? எந்திரிச்சு, சன்னல் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க."

அம்மா அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா எழுந்தார். கைத்தடியை ஊன்றிச் சன்னல் வரைக்கும் போனார். அம்மாவும் சன்னல் திரை சரியில்லை என்பது போலக் கூடவே போய்த் திரையை இழுத்துவிட்டு வந்தாள். அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல கெடக்கற அந்த ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டறீங்களா?"

"காலையிலேருந்து குளுருது" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஸ்வெட்டரை எடுத்து உதறினாள். பேச்சோடு பேச்சாக இடது கை உள்ளே போயிருந்தது. "டீ ஆறிடும், குடிம்மா" என்று அலுவலரிடம் சொல்லி முடிப்பதற்குள் பட்டன் நான்கும் விழுந்திருந்தன.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா வெற்றியோடு.

கண்ணாடிக்காரிக்கே அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான்கு வருடமாகப் பார்த்துப் பழகிய காட்சி. ஆனால் அலுவலர் ஸ்வெட்டரைப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரமும் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, எனக்கு ஒரு உதவி. நீங்க அஞ்சு நிமிஷம் பால்கனியில நிக்கறீங்களா?"

"நானா? எதுக்கு?"

"சும்மாத்தான். காத்து வாங்குங்களேன்."

அம்மா புரியாமல் போனாள். வாத்தியார் கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான். பால்கனியில் சும்மா நிற்கத் தெரியாத அம்மா, அங்கே என்னவோ போர்வை கிடக்கிறதே என்று எடுத்து நேர்த்தியாக மடிக்க ஆரம்பித்தாள். வாக்கரும் குளியல் ஸ்டூலும் வெயிலில் பளிச்சென்று நின்றன. அலுவலர் அதைப் பார்த்தாள். வாத்தியாரையும் பார்த்தாள். வாத்தியார் மறுபடி மின்விசிறிக்குப் போனான்.

"ஐயா, இன்னொரு தடவை எந்திரிக்கறீங்களா?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

அப்பா வலது கையை நாற்காலியின் பிடியில் ஊன்றினார். முன்னால் சாய்ந்தார். எழவில்லை.

"நாற்காலி தாழ்வா இருக்கு" என்றார்.

அதே நாற்காலிதான். மறுபடி ஊன்றினார். முகம் சிவந்தது. இடுப்பு நான்கு விரல் உயர்ந்து திரும்ப உட்கார்ந்தது. வாத்தியார் பதறிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தான். அலுவலர் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். மூன்றாவது தடவையும் ஆகவில்லை.

அப்பா தன் இடது முழங்கையைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பக்கத்தில், சற்று முன்பு அம்மா நின்ற இடத்தைப் பார்த்தார்.

"அவ எங்க புடிப்பா?" என்று கேட்டார்.

"இடது முழங்கைக்குக் கீழ. தன் வலது கையைக் குடுத்து, தன் இடுப்பை நாற்காலியில முட்டுக் குடுத்துக்கறாங்க. உங்க எடையில பாதி அவங்கமேல போயிடுது ஐயா."

"எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

"தெரியாத மாதிரிதான் செய்யறாங்க. நானும் அவங்க கையையே பாத்ததாலதான் கண்டுபிடிச்சேன்."

அப்பா மறுபடி பேசியபோது குரல் அவர் குரலாகவே இல்லை.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் டிரைவிங் கத்துக் குடுத்தேன். அந்தக் காருல என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்துல ஓட்டறவன் பயந்து போய் எதை மிதிக்கறதுன்னு தெரியாம இருப்பான். நான் மெதுவா மிதிச்சு நிறுத்திடுவேன். அவன் தானே நிறுத்திட்டதா நெனச்சு என்னைப் பாத்துச் சிரிப்பான். நான் சொல்லவே மாட்டேன். சொன்னா அவனுக்குத் தைரியம் போயிடும்." பால்கனிப் பக்கம் பார்த்தார். "இவளும் சொல்லலை."

கண்ணாடிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை எந்திரிப்பேன்?" அப்பா வலது கை விரல்களை மடக்கினார். "காலையில படுக்கையிலேருந்து. பாத்ரூமுக்கு ஒரு ஆறு வாட்டி. சாப்பாட்டுக்கு. குளிக்க. டிவி பாக்க..." ஐந்து விரலும் இரண்டு சுற்று தீர்ந்த பிறகு மடக்குவதை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "அவ வயித்துல அந்தப் புடைப்பு... இதனாலயா?"

இப்போது பேசாவிட்டால் இனி எப்போதுமே பேச முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதனால மட்டும்னு டாக்டர் சொல்லலைப்பா. ஆனா கனம் தூக்கவே கூடாதுன்னாரு. அம்மா உங்ககிட்ட சின்ன விஷயம்னு சொல்லியிருப்பா. சின்ன விஷயம் இல்லை. குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. உங்களைப் பாக்க ஆள் இல்லைன்னுதான் ரெண்டு தடவை தள்ளிப் போட்டா. இந்தம்மா வந்திருக்கறது உங்களை எங்கயும் அனுப்பறதுக்கு இல்லைப்பா. அம்மாவை ஆபரேஷனுக்கு அனுப்பறதுக்கு."

வாத்தியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லத்துக்கு அனுப்புவாங்கன்னு யார் சொன்னாங்க ஐயா?" என்றாள் அலுவலர். "நீங்க இந்த வீட்டுலயே இருக்கணும், அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."

அப்பா படிவத்தைக் காட்டினார். "அந்தக் காகிதத்துல இதுவரைக்கும் எழுதினதை அடிச்சிடும்மா. முதல்லேருந்து கேளு."

"மாடிப்படி?"

"முடியலை."

"குளிக்கிறது?"

"முடியலை. சோப்பு எடுத்துக் குடுக்கறான்னு சொல்லிட்டிருந்தேன். முழுசா அவதான் குளிப்பாட்டறா."

"பாத்ரூம்?"

அப்பா மகன் பக்கமும் மகள் பக்கமும் பார்க்கவில்லை. "முடியலைம்மா."

ஒவ்வொரு 'முடியலை'யும் அவருக்கு மூன்று மாடி ஏறுவது போலத்தான் இருந்தது. ஆனாலும் ஏறினார். கார் ஓட்டக் கற்றுக் கொடுத்த காலத்தில் அப்பா இதைவிடத் தைரியமாக எதையும் செய்ததாகக் கண்ணாடிக்காரிக்கு ஞாபகம் இல்லை. பேனா வலதுகோடிக் கட்டங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலர் கூட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தை மூடினாள். காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி பெற்ற ஆள் வருவார். எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டுப் போவார். குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்த மையத்திலிருந்தே ஆள் வரும். வாரத்தில் இரண்டு நாள் வேன் வந்து பகல் மையத்துக்கு அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடும், அவருக்கு விருப்பம் இருந்தால்.

"வேனை யாரு ஓட்டறா? எத்தனை வருஷ அனுபவம்?" என்றார் அப்பா.

"நீங்களே விசாரிச்சுக்கங்க" என்று சிரித்தாள். "ஒண்ணுதான். அவசரம்னு எழுதிக் குடுக்கறேன். அப்படியும் பத்து நாள் ஆகும். அதுக்கு முன்னாடி என்னால ஆள் அனுப்ப முடியாது."

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருக்கிறது. பத்து நாள் தாராளம். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டதும் அம்மா வந்து முதலில் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "அஞ்சு நிமிஷம் வெளிய போனதுக்குள்ள என்ன பண்ணீங்க இவரை?"

படிவத்தின் கடைசிப் பக்கம் பார்த்துக்கொள்கிறவருக்கானது. உங்களுக்கென்று ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அலுவலர் கேட்டாள். "எனக்கென்ன, நாள் முழுக்க வீட்டுலதானே இருக்கேன்" என்றாள் அம்மா. முதுகு வலி உண்டா? இல்லை. அசதி? அது எல்லாருக்கும் இருக்கிறதுதான். வாத்தியாரிடம் படிக்காமலே அம்மா நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தாள். அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டே, சொன்னதை எழுதாமல் பார்த்ததை எழுதினாள்.

அவள் கிளம்பிப் போனதும் அம்மா காலிக் கோப்பைகளைத் தட்டில் சத்தமாக அடுக்கினாள்.

"இனிமே வேற யாரோ வந்து இவருக்குப் பட்டன் போடணுமா?"

"காலையில ரெண்டு மணி நேரம்தாம்மா" என்றாள் மகள்.

"நான் நல்லாத்தானே போட்டேன்? யாராவது குறை சொன்னாங்களா?"

அம்மாவுக்குக் கோபம் இல்லை என்பது மகளுக்குத் தெரிந்தது. நான்கு வருடமாகத் தன்னுடையதாக இருந்த ஒன்றை யாரோ வந்து எழுதி எடுத்துக்கொண்டு போனது போல அவளுக்கு இருந்தது. மகள் எழுந்து போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அம்மா விலக்கவில்லை, தட்டையும் கீழே வைக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கண்ணாடிக்காரியின் கைபேசி அடித்தது. மருத்துவமனை. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றான் வாத்தியார்.

அவள் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஆபரேஷன் தியேட்டர்ல பழுது வேலையாம். அடுத்த வாரத்துலேருந்து மூடறாங்க. நம்ம தேதி போச்சு. நாளன்னிக்கு, வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஒரு இடம் இருக்காம். ஒருத்தர் வரலைன்னுட்டாராம். வேணும்னா இப்பவே சொல்லணும். இல்லைன்னா ஆறு மாசம்."

"வியாழக்கிழமையா?" என்றான் வாத்தியார். "உதவிக்கு ஆள் வரதுக்குப் பத்து நாள் இருக்கே!"

"வேணாம்னு சொல்லிடு" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். "ஆறு மாசம்தானே. இத்தனை நாள் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்."

கைபேசியில் "மேடம், மேடம்" என்று குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் அம்மாவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாள் விடுப்பு. தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதப் போகிற அறுபது பிள்ளைகள். நாளைக்குக் காலை ரயிலுக்கு டிக்கெட் கையில் இருக்கிறது.

"குடு இப்படி."

அப்பா நாற்காலியிலிருந்து வலது கையை நீட்டினார். அவள் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

"ஹலோ. ஆமா, நான் அவ வீட்டுக்காரர் பேசறேன். வருவா. வியாழக்கிழமை, காலையில ஏழு மணி. ஆமா, கண்டிப்பா. எழுதிக்கங்க." மகளிடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

சமையலறை வாசலில் அம்மா தட்டோடு நின்றுவிட்டாள். "என்னைக் கேக்காம எனக்குப் பதிலா நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"நாலு வருஷமா எனக்குப் பதிலா நீ எந்திரிச்ச" என்றார் அப்பா. "எங்கிட்ட கேட்டியா?"

அம்மா மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தான் தூக்கிவிடுவதை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள். தட்டைப் பக்கத்து அலமாரிமேல் வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

வாத்தியார் கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பயிற்சி மைய இயக்குநரோடு பேசுகிறான் என்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கையை விரித்தான். தலையைச் சொறிந்தான். நீண்ட நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றான்.

அம்மா மெதுவாக வந்து அப்பாவுக்கு எதிரே, அலுவலர் விட்டுப்போன முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா உட்கார்ந்து மகள் பார்த்ததே இல்லை.

"சரி" என்றாள் அம்மா. "வியாழக்கிழமைக்கு இவ லீவு போடுவா. வெள்ளிக்கிழமை காலையில நீங்க கண்ணு முழிக்கறப்ப, பக்கத்துல யாரு நிப்பா? அதை மட்டும் எனக்கு யாராவது சொல்லுங்க."